பெரியம்மையை வென்ற பெருந்தகை ஜென்னர்

வைசூரி என்றும் பெரியம்மை என்றும் வழங்கிய நோயின் பெயரைக் கேட்டவளவில் ஊரே நடுங்கிய காலம் ஒன்றிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களிற் பிழைப்புத் தேடிவந்த நம் மலையக முன்னோர், மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்து வந்தனர். வாந்திபேதியும் அம்மையும் பலரை வழியிலேயே மாய்த்தன. எஞ்சியோர் தம் அச்சத்தை முத்துமாரியம்மன் திருவடியில் இறக்கி வைத்தனர். அந்நோய் இன்று உலகில் இல்லை. அஃது ஒழிதற்கு வித்திட்ட எட்வேர்ட் ஜென்னரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

ஜென்னர் 1749 ஆம் ஆண்டு மே மாதம் 17 ஆம் நாள், இங்கிலாந்தில் பேர்க்கிலி என்னும் சிற்றூரில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். ஐந்து வயதிலே பெற்றோரை இழந்து, தமையனார் ஆதரவில் வளர்ந்தார். எட்டு வயதில், அக்கால வழக்கப்படி, அம்மைக் கொப்புள நீரையே அவர் உடலிற் குத்தினர். அதற்கு முன்னர்ப் பல நாள் பட்டினி போட்டுக் குருதியையும் வடித்தனர். அத்துன்பத்தை அவர் வாழ்நாள் முழுதும் மறந்திலர். 1770 இல் இலண்டன் சென்று, ஜோன் ஹன்ரர் என்னும் பேராசானிடம் மருத்துவம் பயின்றார். தலைநகரிற் பொருளீட்டும் வாய்ப்பிருந்தும், பிறந்த ஊருக்கே மீண்டு வைத்தியம் பார்த்தார். குயிலினத்தின் இயல்பை ஆராய்ந்து எழுதியமைக்காக அரச கழகத்தின் உறுப்பினராகவும் ஆனார்.

பசுவின் மடியில் தோன்றும் அம்மை ஒருமுறை தொற்றியவரைப் பெரியம்மை அணுகாது என்பது அந்நாட்டுப் பால் கறப்போர் கண்ட உண்மை. 1774 இலேயே பெஞ்சமின் ஜெஸ்ரி என்னும் உழவர் அதனை நம்பித் தம் மனைவிக்கும் மைந்தர்க்கும் பசு அம்மையைக் குத்தினார். கற்றோர் பலர் இதனைப் பாமரர் பேச்சென்று தள்ளினர். ஜென்னரோ தள்ளவுமில்லை, ஆராயாது ஏற்கவுமில்லை. 1796 மே 14 இல், பால் கறக்கும் பெண்ணொருத்தியின் கைக்கொப்புளத்தினின்று எடுத்த நீரை, தோட்டக்காரர் ஒருவரின் மகனாகிய ஜேம்ஸ் பிப்ஸ் என்னும் எட்டு வயதுச் சிறுவனுக்குக் குத்தினார். ஜூலை முதலாம் நாள் பெரியம்மை நீரையே குத்தியும் நோய் தோன்றவில்லை. ஏதுமறியாச் சிறுவனை இவ்வாறு சோதித்தலை இன்றைய மருத்துவ அறம் ஒப்பாது. இதனையும் நாம் மறைத்தல் தகாது.

இம்முறை எவ்வாறு பயன் தந்ததென்பதை ஜென்னர் அறியார். வைரசு என்னும் நுண்பொருள் உண்டென்பதே அவர் மறைந்து பல்லாண்டுகளின் பின்னரே புலனாயிற்று. நம் உடலுக்கு இரு காவல்கள் உள. பிறப்பிலேயே அமைந்தது முதற் காவல். பகைவனைக் கண்டறிந்து பழகுவது இரண்டாங் காவல். வைரசு புகுந்த கலம் இன்ரபெரோன் என்னும் புரதத்தை விடுத்து அயற்கலங்களை எச்சரிக்கும். குருதியில் உலவும் வேறு சில புரதங்கள் பகைவனைப் பற்றி அழிக்கும். பெரியம்மை வைரசோ இம்முதற் காவலை ஏய்க்க வல்லது. எச்சரிக்கைச் செய்தியை இடைமறிக்கும் போலிப் புரதத்தையும், குருதிக் காவலரைச் செயலறச் செய்யும் மற்றொரு புரதத்தையும் அது தானே ஆக்குகின்றது. ஏறக்குறையப் பன்னிரண்டு நாள் யாதொரு குறியுமின்றி அது உடலிற் பரவுவதற்கு இவ்வஞ்சனை துணைபுரியும். இரண்டாங் காவல் முற்ற எழுமுன் பலர் மாண்டனர்.

அம்மைப்பாலில் உள்ள வைரசு அதன் இனமே. ஆயினும் மனிதரை ஏய்க்கும் திறன் அதற்குக் குறைவு. குருதிக் காவலரைத் தடுக்கும் புரதத்தை 2002 இல் ஒப்பிட்டபோது, பெரியம்மையினது ஏறக்குறைய நூறு மடங்கு வலியதெனக் கண்டனர். எனவே, வலி குன்றிய உறவினனைக் கண்டு பழகிய இரண்டாங் காவல், வலிய பகைவன் வருமுன்னரே ஆயத்தமாக நிற்கின்றது.

அரச கழகம் ஜென்னரின் கட்டுரையை ஏற்கவில்லை. அவர் 1798 இல் தம் செலவிலேயே நூலாக வெளியிட்டார். அம்மைப்பால் குத்தினாற் கொம்பு முளைக்கும் என்று எள்ளிச் சித்திரம் வரைந்தாரும் உளர். அவரோ தம் தோட்டத்துக் குடிசையில் ஏழைகட்கு இலவசமாகக் குத்தி வந்தார். வெப்பத்திற் கெடும் அம்மைப்பாலை ஒருவர் கையினின்று மற்றொருவர் கைக்கு மாற்றி மாற்றிப் பம்பாய்க்குக் கொணர்ந்தனர். 1802 ஆம் ஆண்டிலேயே அது இலங்கையையும் அடைந்தது. பிற்காலத்தில் மண்டபம் முகாமில் தங்கி அம்மை குத்திக்கொண்ட பின்னர்த் தலைமன்னாருக்குக் கப்பலேறியோர் நம் குடும்பங்களிற் பலர்.

ஒருமுறை குத்தினால் ஆயுள் முழுதும் காக்கும் என்று ஜென்னர் கருதியது பிழையாயிற்று. மீண்டும் குத்துதல் வேண்டுமெனப் பின்னோர் கண்டனர். எனினும் அவர் காட்டிய வழி பிழைக்கவில்லை. 1823 ஜனவரி 26 இல் அவர் மறைந்தார். 1977 இல் சோமாலியாவிற் கண்டதே இயற்கையாய்த் தொற்றிய இறுதிப் பெரியம்மை. 1980 இல் அந்நோய் ஒழிந்ததென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

மாணவர்காள்! எழுத்தறியாதார் சொல்லிலும் உண்மை உறைதல் கூடும். அதனை இகழாது கேட்பதும், கேட்டதைச் சோதித்துத் தெளிவதும், தெளிந்ததை ஏளனத்துக்கு அஞ்சாது உரைப்பதுமே கல்வி. ஜென்னரின் வாழ்வு நமக்குத் தரும் பாடம் இதுவேயாம்.