அச்சமும் அச்சும்



ஹாஸ்டலில் கரண்ட் போன ராத்திரி. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஒருவன் பேய்க்கதை புத்தகத்தைப் பிரிக்கிறான். பாழடைந்த பங்களா, இருமும் கிழட்டு வாட்ச்மேன், பூட்டிய அறை... நாலாம் பக்கத்திலேயே முடிவு தெரிந்துவிடுகிறது. ஆனாலும் விடமாட்டான்! கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு, பாத்ரூம் போக நம்மைத் துணைக்கு எழுப்புவான். முடிவு தெரிந்த கதை ஏன் இழுக்கிறது? எதுவரைக்கும் இழுக்கும்? இந்தக் கேள்வியோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டிய ஒருவரின் கதைதான் இது. அவர் பெயர் ஹோவர்ட் பிலிப்ஸ் லவ்கிராஃப்ட்.

1890 ஆகஸ்ட் 20-ல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில், பிராவிடன்ஸ் நகரில் பிறந்தார். மூன்று வயது நிரம்பும் முன்பே அப்பாவுக்கு மனநிலை பாதித்தது. 1898-ல் மருத்துவமனையிலேயே இறந்துபோனார். பயங்கரக் கதைகள் சொல்லி வளர்த்த தாத்தாவும் 1904-ல் போய்விட, பெரிய வீடும் கைவிட்டுப் போனது. பையனுக்கு வானவியல் விஞ்ஞானி ஆக வேண்டுமென்று கொள்ளை ஆசை. ஆனால் கணக்கு உதைத்தது! (நம்மில் எத்தனை பேருக்கு அந்த வலி தெரியும்!) 1908-ல் நரம்புத் தளர்ச்சி வந்து பள்ளிப் படிப்பே பாதியில் நின்றது. கல்லூரி வாசலை மிதிக்கவில்லை. வீட்டுப் புத்தகங்களே அவருக்குக் கல்லூரி.

அந்தக் காலத்து அமெரிக்காவில் மரக்கூழிலிருந்து செய்த மட்டரகக் காகிதத்தில் கதைப் பத்திரிகைகள் குவிந்தன. கூழுக்கு ஆங்கிலத்தில் பல்ப். அதனால் இவை பல்ப் பத்திரிகைகள். எழுதுகிறவருக்கு வார்த்தைக்கு ஒரு சென்ட், ஒன்றரை சென்ட் என்று கூலி. கூலி இப்படியென்றால் கதை எப்படி வரும்? நம் ஃபவுண்டரி வேலைதான்! பேட்டர்னை மணலில் பதித்து எடு, உருக்கியதை ஊற்று, ஆறியதும் உடைத்து எடு. பத்து பீஸும் ஒரே அளவு.

சும்மா சொல்லக்கூடாது, அந்த அச்சுக்கும் ஒரு ருசி உண்டு. களைத்து வீடு திரும்பும் தொழிலாளிக்குப் புதுமையா வேண்டும்? தெரிந்த பாதையில் பத்திரமாகப் பயப்பட வேண்டும், அவ்வளவுதான். 'வியர்ட் டேல்ஸ்' பத்திரிகையில் சீபரி குவின் என்பவர் ஒரே துப்பறிவாளரை வைத்து 1925 முதல் 1951 வரை 90-க்கும் மேற்பட்ட கதைகள் எழுதினார். ஊருக்குள் ஒரு விபரீதம், பிரெஞ்சுக்கார டாக்டர் வருவார், பேயை ஒழிப்பார், விளக்கம் சொல்வார். வாசகர்களுக்கு அவர் செல்லப்பிள்ளை!

லவ்கிராஃப்டுக்கு இது ஒத்துவரவில்லை. 1921-ல் 'ஹோம் ப்ரூ' என்ற பத்திரிகைக்கு, பிணத்தை உயிர்ப்பிக்கும் டாக்டர் கதையை ஆறு பகுதிகளாக எழுத ஒப்புக்கொண்டார். பகுதிக்கு ஐந்து டாலர். ஒவ்வொரு தடவையும் முன்கதைச் சுருக்கம் சொல்லணும், கடைசியில் ஒரு திடுக் வைக்கணும். எழுதி முடிப்பதற்குள் வெறுத்தேபோனார்.

1923-ல் தொடங்கிய 'வியர்ட் டேல்ஸ்'-க்கு ஐந்து கதைகள் அனுப்பினார். வரிக்கு வரி இடைவெளி விட்டு மறுபடி டைப் அடிக்கச் சொல்லித் திருப்பிவிட்டார்கள். ரெக்கார்டு நோட்டைத் திரும்ப எழுதச் சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்? அவருக்கும் அப்படித்தான்! ஆனாலும் அந்த அக்டோபரில் 'டேகன்' கதை வெளிவந்தது. 1924-ல் சோனியா கிரீனை மணந்து நியூயார்க் நகரின் புரூக்ளினில் குடியேறினார். சிகாகோவில் அதே பத்திரிகையின் ஆசிரியர் பதவி தேடி வந்தும் போகவில்லை. வேறு வேலையும் கிடைக்கவில்லை. 1926-ல் தனியாகப் பிராவிடன்ஸ் திரும்பினார்.

திரும்பிய பிறகுதான் நல்ல கதைகள் பிறந்தன. மனிதனைப் பொருட்டாகவே மதிக்காத பிரபஞ்சம், கடலடியில் தூங்கும் பழம்பெரும் ஜந்து... இங்கே பேயோட்டி ஜெயிக்க யாரும் வரமாட்டார்கள். உண்மை தெரிந்ததே தண்டனை! 'கதுலுவின் அழைப்பு' கதையை ஆசிரியர் ஃபார்ன்ஸ்வொர்த் ரைட் முதலில் திருப்பிவிட்டு, பிறகு ஏற்று 1928 பிப்ரவரியில் போட்டார். அண்டார்டிகா பற்றி 1931-ல் எழுதிய குறுநாவலையும் ரைட் மறுத்தார். மனிதர் உடைந்துபோனார். 1936-ல் வேறு பத்திரிகை அதைப் போட்டது, வெட்டிக் குதறி! 1937 மார்ச் 15-ல் குடல் புற்றுநோயால் இறந்தபோது வயது 46. கையில் காசில்லை. உயிரோடிருந்தபோது வந்த புத்தகம் ஒன்றே ஒன்று.

பிறகு? நண்பர்கள் இருவர் 1939-ல் ஆர்க்கம் ஹவுஸ் பதிப்பகம் தொடங்கி அவர் கதைகளைப் புத்தகமாக்கினார்கள். 2005-ல் அமெரிக்காவின் செவ்வியல் எழுத்தாளர்கள் வரிசையில் அவருக்கும் இடம் கிடைத்தது. வேடிக்கை என்னவென்றால், அவர் வெறுத்த அந்த ஆறு பகுதிக் கதையும் 1985-ல் சினிமாவாகி ஓடியது. அச்சு லேசில் சாகாது நண்பர்களே!

இத்தோடு முடித்தால் இது புகழ்மாலை. ஆனால் இரண்டு உண்மைகள் பாக்கி இருக்கின்றன. ஒன்று, அச்சை எதிர்த்தவர் தானே ஒரு அச்சு செய்துகொண்டார். படித்த மனிதர், பழைய ஏடு, பெயர் சொல்லமுடியாத பயங்கரம், கடைசி வரியில் அதிர்ச்சி. நாலு கதை படித்தால் ஐந்தாவது நமக்கே தெரிந்துவிடுகிறது.

இரண்டாவது கசப்பானது. கதையில் மற்றவர் அச்சை ஏற்காதவர், மனிதர்களை மட்டும் அச்சில் வார்த்தே பார்த்தார். பிழைக்க வந்த அயல்நாட்டாரையும் கறுப்பினத்தவரையும் இழிவாக எழுதினார். 1925-ல் எழுதிய 'ரெட் ஹுக்' கதையில் புரூக்ளினின் ஏழைக் குடியேறிகளையே பூதகணமாக்கினார். இத்தனைக்கும் அவர் மனைவி உக்ரைனில் பிறந்து குடியேறிய யூதப் பெண்! சொந்த வீட்டிலிருந்த மனுஷியே அந்த அச்சுக்குள் அடங்கவில்லை. அவரோ அச்சை உடைக்கவில்லை. அவர் தலையுருவில் கொடுத்துவந்த உலக ஃபேண்டஸி விருதின் வடிவத்தை 2015-ல் மாற்ற முடிவெடுத்ததற்கு இந்த வெறுப்புக்கு எழுந்த எதிர்ப்பே பெருங்காரணம்.

நண்பர்களே, அச்சில் வார்த்த பேய்க்கதை ஒரு ராத்திரி பயமுறுத்தும். காலையில் சிரித்துவிட்டு வகுப்புக்குப் போகலாம். அதைப் படிப்பதில் தப்பே இல்லை, நானும் படிக்கிறேன்! ஆனால் புதிதாக வரும் முதலாண்டுத் தம்பியின் ஊரையும் சாதியையும் கேட்டு, அவன் இப்படித்தான் என்று முதல் பக்கத்திலேயே முடிவு கட்டுகிறோமே... அந்தக் கதைதான் பயங்கரம். கடைசிப் பக்கம் வரை அவனைப் படித்துப் பாருங்கள். நிச்சயம் வேறு முடிவு இருக்கும்.

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்