டன்லப்: டயருக்குப் பெயர் கொடுத்த கால்நடை டாக்டரின் கதை

சென்னை அம்பத்தூர் பக்கம் பஸ்ஸில் போனவர்களுக்கு டன்லப் என்ற ஸ்டாப் தெரிந்திருக்கும். அங்கே இருந்த டயர் தொழிற்சாலையால் வந்த பெயர். சில வீடுகளில் அமுங்குகிற மெத்தை எந்த கம்பெனியுடையதாக இருந்தாலும் அதற்கு டன்லப் மெத்தை என்றுதான் பெயர். ஆனால், அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் மெத்தை செய்தவரும் இல்லை, இன்ஜினீயரும் இல்லை. குதிரைக்கும் மாட்டுக்கும் வைத்தியம் பார்த்த டாக்டர். இன்றைக்கு நம் கார் வளைவில் வழுக்காமல் திரும்புகிறது என்றால், அதில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. அதை வைத்து அவர் பெரிதாகச் சம்பாதித்தாரா? அதுதான் இல்லை.

ஜான் பாய்ட் டன்லப் 1840 பிப்ரவரி 5 அன்று ஸ்காட்லாந்தின் ட்ரெக்ஹார்ன் கிராமத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். குறைமாதக் குழந்தை என்று வீட்டில் சொல்லிச் சொல்லி வளர்த்ததால், தன் உடம்பு பலவீனமானது என்று வாழ்நாள் முழுக்க நம்பினார். அதற்கேற்ப ஜாக்கிரதையாகவும் வாழ்ந்தார். (81 வயது வரை பெரிய நோய் எதுவும் வரவில்லை என்பது வேறு விஷயம்.) எடின்பரோவில் கால்நடை மருத்துவம் படித்துவிட்டு, 1867இல் அயர்லாந்துக்குப் போனார். சில வருடங்களில் பெல்ஃபாஸ்ட் நகரில் அவருடைய கிளினிக் நாட்டிலேயே பெரிய கால்நடை மருத்துவமனைகளில் ஒன்றாக வளர்ந்துவிட்டது. அந்தத் தொழிலில்தான் அவருக்கு ரப்பர் பழக்கமானது. மருத்துவத்துக்குத் தேவையான சின்னச் சின்ன ரப்பர் சாமான்களைத் தானே செய்துகொள்வார்.

அன்றைய பெல்ஃபாஸ்ட் தெருக்கள் கருங்கல் பாவியவை. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இடைவெளி. அதன் மேல் இரும்புப் பட்டையோ, கெட்டி ரப்பரோ சுற்றிய சக்கரம் ஓடினால் எப்படி இருக்கும்? எலும்பெல்லாம் ஆடும். டன்லப்பின் மகன் ஜானி ஓட்டிய மூன்று சக்கர சைக்கிளுக்கும் அதே கதிதான். பையன் கஷ்டப்படுவதைப் பார்த்த அப்பா, 1887 அக்டோபரில் வீட்டு முற்றத்தில் ஒரு பரிசோதனை செய்தார்.

மெல்லிய ரப்பர் ஷீட்டை ஒட்டி ஒரு குழாய் செய்தார். சுமார் 96 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள மரவட்டைச் சுற்றி அதை வைத்தார். மேலே லினன் துணியைப் போர்த்தி ஆணி அடித்தார். ஃபுட்பால் பம்பால் காற்றடித்தார். பிறகு அந்த வட்டையும், சைக்கிளின் பழைய சக்கரத்தையும் முற்றத்தில் ஒன்றன்பின் ஒன்றாக உருட்டிவிட்டார். பழைய சக்கரம் பாதி வழியிலேயே சாய்ந்தது. காற்றடைத்தது முற்றத்தைக் கடந்து, வாசல் தூணில் மோதித் திரும்பி வந்தது.

ஏன் அப்படி உருண்டது?

கெட்டியான சக்கரம் ஒரு கல்லில் ஏறும்போது, சக்கரம், அதன் மேலிருக்கும் வண்டி, ஆள் எல்லாமே மேலே தூக்கப்பட வேண்டும். முன்னே போக வேண்டிய சக்தி மேலே கீழே குதிப்பதிலேயே வீணாகிறது. காற்றடைத்த டயர் அந்தக் கல்லைத் தனக்குள் வாங்கிக்கொள்ளும். கல் பட்ட இடம் மட்டும் அமுங்கும், தாண்டியதும் பழைய வடிவத்துக்கு வந்துவிடும். வண்டி ஏறி இறங்குவது குறைகிறது. வழவழப்பான தண்டவாளத்தில் ரயிலின் இரும்புச் சக்கரம்தான் சுலபமாக உருளும். கரடுமுரடான தெருவில் கணக்கு தலைகீழ். அதாவது, எது நல்ல சக்கரம் என்பதை முடிவு செய்வது அதன் கீழே இருக்கும் தரை.

டன்லப் தேடியது மகனுக்குக் கொஞ்சம் சொகுசு. கிடைத்தது வேகமும் சேர்த்து. 1888 டிசம்பரில் காப்புரிமை கிடைத்தது. 1889 மே 18 அன்று பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் கல்லூரி மைதானத்தில் வில்லி ஹியூம் என்ற உள்ளூர் வீரர் இந்தத் தடித்த டயர் போட்ட சைக்கிளோடு பந்தயத்துக்கு வந்தார். பார்த்தவர்கள் சிரித்தார்கள். அன்று நடந்த நான்கு சைக்கிள் போட்டிகளிலும் அவரே ஜெயித்தார். தோற்றவர்களில் ஹார்வி டு க்ராஸ் என்ற டப்ளின் வியாபாரியின் மகன்களும் இருந்தார்கள். அப்பாவுக்குப் பொறி தட்டியது. அதே வருடம் டப்ளினில் கம்பெனி தொடங்கப்பட்டது. டன்லப் தன் காப்புரிமையை டு க்ராஸிடம் ஒப்படைத்து, பதிலுக்குப் பங்குகள் வாங்கிக்கொண்டார்.

அதற்கப்புறம்தான் இடி விழுந்தது. காப்புரிமை கிடைத்து இரண்டு வருடத்தில், அது செல்லாது என்று தகவல் வந்தது. காரணம், இன்னொரு ஸ்காட்லாந்துக்காரர். ராபர்ட் வில்லியம் தாம்சன் என்பவர் 1845இலேயே காற்றடைத்த சக்கரத்துக்குக் காப்புரிமை வாங்கி, 1847இல் லண்டன் ரீஜன்ட்ஸ் பார்க்கில் குதிரை வண்டியில் பூட்டி ஓட்டியும் காட்டியிருந்தார். அப்போது நல்ல மெல்லிய ரப்பர் மலிவாகக் கிடைக்கவில்லை. சைக்கிள் மோகமும் வந்திருக்கவில்லை. அதனால் எல்லோரும் அதை மறந்தே போனார்கள். டன்லப்புக்கும் தாம்சனைப் பற்றித் தெரியாது. இரண்டு பேரும் தனித்தனியாக ஒரே இடத்துக்கு வந்தவர்கள். காலம் இரண்டாமவருக்குச் சாதகமாக இருந்தது, அவ்வளவுதான்.

மூலக் காப்புரிமை போன பிறகும் கம்பெனி நின்றது. காரணம் டு க்ராஸின் சாமர்த்தியம் என்றே சொல்ல வேண்டும். டன்லப்பின் முதல் டயர்கள் ரிம்மோடு ஒட்டப்பட்டவை. பஞ்சர் ஆனால் பிரித்து ஒட்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். டயரைக் கழற்றி மாட்டும் வழியை வெல்ச், பார்ட்லெட் என்ற வேறு இரண்டு பேர் 1890இல் கண்டுபிடித்திருந்தார்கள். அந்தக் காப்புரிமைகளை டு க்ராஸ் வளைத்துப் போட்டார். இதற்கிடையே ரப்பர் நாற்றம் தாங்கவில்லை என்று டப்ளினில் அக்கம்பக்கத்தார் புகார் செய்ய, தயாரிப்பு இங்கிலாந்தின் கோவென்ட்ரிக்குப் போனது.

1890களின் நடுவில் டன்லப் கம்பெனியிலிருந்து ஒதுங்கினார். 1896இல் டெரா ஹூலி என்ற முதலீட்டாளர் அந்த கம்பெனியை 30 லட்சம் பவுண்டுக்கு வாங்கி, 50 லட்சம் பவுண்டுக்குச் சந்தையில் விற்றார். டன்லப்புக்குப் பெரிய சொத்து எதுவும் சேரவில்லை. டப்ளினில் ஒரு துணிக்கடை வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டு அமைதியாக இருந்தார். ஆனால், டயரில் அவர் பெயர் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

சைக்கிளிலிருந்து காருக்கு

காருக்கு இந்த டயர் தாங்குமா என்று முதலில் யாருக்கும் நம்பிக்கை இல்லை. 1895இல் பாரிஸ்–போர்டோ–பாரிஸ் பந்தயத்தில் மிஷலின் சகோதரர்கள் காற்றடைத்த டயரோடு ஒரு காரை ஓட்டினார்கள். வழியெல்லாம் பஞ்சர். ஜெயிக்கவில்லை. இருந்தாலும் இது நடக்கக்கூடிய காரியம் என்று காட்டிவிட்டார்கள்.

கார் வந்ததும், டன்லப் யோசித்தே பார்க்காத ஒரு விஷயம் முக்கியமானது: பிடிமானம். குதிக்கும் சக்கரம் காற்றில் இருக்கும் அந்த நொடியில் பிரேக்கும் இல்லை, ஸ்டியரிங்கும் இல்லை. மகனின் சொகுசுக்காக அவர் செய்த மெத்தை, சக்கரத்தைத் தரையோடு ஒட்டவும் வைத்தது. ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள காரில் தரையைத் தொடுவது டயருக்கு ஓர் உள்ளங்கை அளவுதான். நான்கு உள்ளங்கை. பிரேக், ஆக்ஸிலரேட்டர், ஸ்டியரிங் எல்லாமே அதன் வழியாகத்தான் வேலை செய்கின்றன.

அந்த உள்ளங்கையில் என்ன நடக்கிறது? தார்ச்சாலையில் தெரியும் ஜல்லியின் நுண்ணிய சொரசொரப்புக்குள் ரப்பர் அமுங்கிப் பொருந்துகிறது. பிடிமானத்தில் பெரும்பங்கு அங்கிருந்து வருகிறது. வருடக்கணக்கில் வண்டி ஓடி ஜல்லி மழமழவென்று தேய்ந்த சாலையில் புது டயரும் வழுக்குவது இதனால்தான். வளைவில் மணலோ, சிதறிய ஜல்லியோ கிடந்தால் ரப்பருக்கும் சாலைக்கும் நடுவே குண்டு பேரிங் போட்ட மாதிரி. காய்ந்த தார்ச்சாலையில் உராய்வுக் கெழு சுமார் 0.7க்கு மேல் இருக்கும். நனைந்தால் கணிசமாகக் குறையும். பனிக்கட்டியில் 0.1 பக்கம் வந்துவிடும். மழை ஆரம்பித்த முதல் சில நிமிடங்கள் ரொம்ப மோசம். சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் அப்போதுதான் குழம்பாகும்.

தண்ணீர் தேங்கினால் இன்னொரு ஆபத்து. டயர் தள்ளுவதைவிட வேகமாகத் தண்ணீர் முன்னால் சேர்ந்தால், டயர் அதன் மேல் மிதக்கத் தொடங்கும். ஸ்டியரிங் திடீரென்று லேசாகிவிடும். திருப்பினாலும் கார் திரும்பாது. டயரில் வெட்டியிருக்கும் பள்ளங்கள் அழகுக்காக இல்லை, தண்ணீர் வெளியேறும் வாய்க்கால்கள் அவை. பள்ளம் வெட்டிய கார் டயரை கான்டினென்டல் நிறுவனம் 1904இல் கொண்டுவந்தது. அதற்கு முன் எல்லாமே மொழுக்கென்ற டயர்தான். காற்றழுத்தமும் இதில் சேர்த்தி. அழுத்தம் குறைந்த டயர் இன்னும் குறைந்த வேகத்திலேயே மிதக்கும். வளைவில் அதன் பக்கச்சுவர் மடங்கி, ஸ்டியரிங்குக்குத் தாமதமாகப் பதில் சொல்லும். அதற்காக அளவுக்கு மீறி அடித்தால், தரையைத் தொடும் பரப்பு சுருங்கி, குண்டும் குழியுமான சாலையில் டயர் பந்து மாதிரி குதிக்கும். பெல்ஃபாஸ்ட் கல் தெருவில் ஜானி பட்ட பாடு திரும்ப வந்துவிடும். டிரைவர் பக்கக் கதவை ஒட்டி ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உங்கள் காருக்கான எண் இருக்கிறது. அடுத்த முறை பெட்ரோல் பங்கில் அதைப் பார்த்துச் சொல்லுங்கள்.

டன்லப்பின் கடைசிக் காலத்தில் இன்னொரு சங்கடம். அவருடைய உருவத்தை கம்பெனி தன் அடையாளமாகப் பயன்படுத்தியது. விளம்பரங்களில், அவருடைய தாடி வைத்த தலையை உயரமான தொப்பியும் கைத்தடியுமாக மினுக்கிக்கொண்டு நிற்கும் ஓர் உடம்பின் மேல் பொருத்தி வரைந்தார்கள். அடக்கமாக வாழ்ந்த மனிதருக்கு அது பெரிய அவமானமாகப் பட்டது. தன் பெயரைச் சுமந்த கம்பெனி மீதே வழக்குப் போட்டார். இங்கிலாந்து கம்பெனியை அயர்லாந்து நீதிமன்றத்துக்கு இழுக்கலாமா என்ற கேள்வி, பிரபுக்கள் சபை வரை போனது.

1921 அக்டோபர் 23 அன்று, லேசான சளி என்று படுத்தவர் டப்ளின் வீட்டில் இறந்தார். காற்றடைத்த டயரின் வரலாற்றைப் பற்றி அவர் எழுதி வைத்திருந்ததை மகள் 1924இல் புத்தகமாகக் கொண்டுவந்தார். அவர் செய்த முதல் சைக்கிள் டயர், அவர் படித்த எடின்பரோ நகரிலேயே, ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.