கட்டடக் கலைஞர் சிஷோம் துரை

அமரவிளையிலிருந்து திருவனந்தபுரம் சென்று, குழந்தைகளுக்கு மிருகக்காட்சிசாலையைக் காட்டி வராத குடும்பம் நம் காலனியில் இராது. அருகிலேயே நிற்கும் நேப்பியர் மியூசியத்தை வரைந்தவரைப் பற்றி அறிந்தோர் சிலரே.

அவர் 1840-ல் பிறந்த ராபர்ட் சிஷோம் என்னும் வெள்ளையர். மரமத்து இலாகாவில் பணியேற்று வந்து, சென்னை மாநிலக் கல்லூரிக்கான வரைபடப் போட்டியில் வென்று, அரசாங்கக் கட்டடக் கலை ஆலோசகரானார். சீமைப் பாணியையே இங்கும் நட்டுவிட்டுப் போயிருக்கலாம். அவரோ மலைநாட்டு வீடுகளைக் கூர்ந்து நோக்கினார். அடைமழையை வழித்தோடச் செய்யும் சரிந்த கூரை, வெயிலை மறைக்கும் தாழ்ந்த இறவாரம், காற்றை உள்ளே விடும் மரவேலை ஆகிய யாவும் அவருக்குப் பாடமாயின. சுற்றுச்சூழலுக்கேற்ற கட்டடக் கலையை இன்று பட்டமேற்படிப்பாகப் பயில்கின்றனர். அன்று அத்தகைய கல்லூரி இந்நாட்டில் ஏது? கொத்தரும் தச்சருமே ஆசான்கள்.

1880-ல் முடிவுற்ற அம்மியூசியம் மின்விசிறி காணாத காலத்தது. வெளியே வெயில் கொளுத்தினும் உள்ளே குளுமை தங்குகிறது. இரவிலும் அனல் கக்கும் நம் கான்கிரீட் தளங்களை நினைத்து நாணினேன். 1877-ல் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியின் தலைமையும் அவரிடம் வந்தது.

1915-ல் அவர் மறைந்தார். ரயில்வே ஊழியனாகிய எனக்கு ஒரு தனிப் பெருமை: சென்னை சென்ட்ரலின் கோபுரங்கள் அணிந்துள்ள திருவிதாங்கூர்க் குல்லாய்களும் அவர் கைவண்ணமே. அடுத்தமுறை அங்கு இறங்குவோர் வெளியே வந்து சற்று அண்ணாந்து பார்ப்பீர்களாக.