கை நடுங்கிய மருத்துவரும் நரம்பு தளர்ந்த சகோதரியும்

நோய்வாய்ப்பட்ட எல்லாருக்காகவும் நாம் செபிக்கிறோம். ஆனால் மருத்துவரே குடிக்கு அடிமையானால் அவரைப் பழிக்கத்தான் முந்துகிறோம். மதுவடிமைகளுக்கான ஏ.ஏ. இயக்கத்தைத் தொடங்கிய இருவருள் ஒருவரான டாக்டர் ராபர்ட் ஸ்மித் அப்படிப்பட்ட மருத்துவர்தான்.

1879இல் அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் பிறந்த இவர், ஒஹையோ மாநிலத்தின் ஏக்ரன் நகரில் அறுவை மருத்துவராக இருந்தார். கல்லூரி நாள்களிலேயே குடி தொற்றிக்கொண்டது. உறக்கம் வராமல் போய்விடுமோ, மது தீர்ந்துவிடுமோ என்னும் இரண்டு அச்சங்கள் அவரை ஆட்டிப்படைத்தன. காலையில் கை நடுக்கத்தை அடக்க மயக்க மாத்திரைகளை மிகுதியாக விழுங்குவார், மாலையில் மது. மனைவி ஆன் கண்ணில் படாதபடி நிலக்கரித் தொட்டியிலும் நிலவறை உத்திரங்களின் மேலும் பாட்டில்களை ஒளித்து வைப்பார். பலமுறை சிகிச்சை இல்லங்களுக்குப் போய்வந்தும் பயனில்லை. குடி உடலை என்ன செய்யும் என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த அறிவு அவரைக் காப்பாற்றவில்லை.

1935 மே மாதத்தில் பில் வில்சன் என்பவர் அவரைச் சந்தித்தார். அவர் அறிவுரை சொல்ல வரவில்லை. தாமும் குடிநோயாளி என்று தம் கதையைச் சொன்னார். டாக்டர் குடியை நிறுத்தினார். ஆனால் மருத்துவ மாநாடு ஒன்றிற்குப் போனவர் மீண்டும் குடித்துத் திரும்பினார். ஜூன் 10 அன்று அவர் ஓர் அறுவை செய்ய வேண்டியிருந்தது. கை நடுங்காமலிருக்க வில்சனே ஒரு பீர் கொடுத்தார் என்பது நமக்கு வியப்பாக இருக்கலாம். அதுவே அவர் குடித்த கடைசி மது. அறுவை முடிந்தும் அவர் வெகுநேரம் வீடு திரும்பவில்லை. கடன் கொடுத்தவர்களையும் தம்மால் துன்புற்றவர்களையும் ஒவ்வொருவராகத் தேடிச் சென்று கொண்டிருந்தார். அந்த நாளையே ஏ.ஏ. இயக்கம் தன் பிறந்தநாளாகக் கொள்கிறது.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. மது ஆசை இரண்டரை ஆண்டுகள் அவரை விட்டபாடில்லை. அவர் குடிக்கவில்லை, அவ்வளவே.

அக்காலத்தில் மருத்துவமனைகள் குடிநோயாளிகளைச் சேர்த்துக்கொள்ளத் தயங்கின. ஏக்ரன் புனித தோமையார் மருத்துவமனையின் சேர்க்கைப் பிரிவில் அருட்சகோதரி இக்னேசியா பணியாற்றினார். அயர்லாந்தில் பிறந்த அவர் இசை கற்பித்தவர்; மனமும் உடலும் தளர்ந்து நொறுங்கியதால் அப்பணியை விட்டு இங்கு வந்தவர். கத்தோலிக்கரல்லாத இந்த டாக்டரின் வேண்டுகோள் அவருக்கு எளிதில் புரிந்ததற்கு அந்த அனுபவமே காரணம் என்று நாம் எண்ணுகிறோம். 1939 ஆகஸ்டில் அவர் ஒரு குடிநோயாளியை இரைப்பை அழற்சி என்று பதிவு செய்து சேர்த்தார். பூக்களைச் சீர்செய்யும் சிறு அறைதான் கிடைத்தது!

1950 நவம்பரில் டாக்டர் புற்றுநோயால் இறக்கும்வரை, இருவரும் சேர்ந்து ஏறத்தாழ 5,000 பேரைக் கவனித்தனர். அவர்களிடம் டாக்டர் கட்டணம் வாங்கவில்லை. சகோதரி 1952இல் கிளீவ்லாந்துக்கு மாற்றப்பட்டு, 1966இல் இறக்கும்வரை இப்பணியோடு இணைந்திருந்தார். வீடு திரும்பும் ஒவ்வொருவர் கையிலும் அவர் திரு இருதயச் சின்னம் ஒன்றைக் கொடுப்பார். மீண்டும் குடிக்க நினைத்தால், குடிப்பதற்கு முன் அதைத் தம்மிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பதே அவர் கேட்டது.