மகத் குளமும் மனுஸ்மிருதி எரிப்பும்

1891 ஏப்ரல் 14 அன்று பிறந்த அண்ணல் அம்பேத்கர், நியூயார்க்கிலும் லண்டனிலும் உயர்கல்வி முடித்துத் திரும்பினார். அத்தனை படித்தவருக்கும் ஊர்ப் பொதுக்குளத்தில் ஒரு வாய் தண்ணீர் குடிக்க வழியில்லை.

பொதுக் குளங்களை எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும் என்று 1923-ல் பம்பாய் சட்டமன்றம் தீர்மானித்தது. மகத் நகராட்சியும் சவுதார் குளத்தைத் திறந்துவிடுவதாகத் தீர்மானம் போட்டது. ஏட்டில் இருந்த உரிமை கரைக்கு வரவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் மக்களோடு ஊர்வலமாகச் சென்று அந்தத் தண்ணீரை அள்ளிக் குடித்தார்.

அடுத்து வீரேஸ்வரர் கோயிலுக்குள் நுழையப்போகிறார்கள் என்று வதந்தி கிளம்பியது. தடிகளோடு வந்த கும்பல் மாநாட்டுக்கு வந்தவர்களை அடித்தது. நம் மக்களில் ராணுவத்தில் பணியாற்றியவர்களும் இருந்தார்கள். திருப்பி அடித்திருக்க முடியும். அம்பேத்கர் தடுத்துவிட்டார். தாக்கியவர்களில் சிலர் பிறகு சிறைத்தண்டனை பெற்றார்கள். குளத்துக்கோ சாணமும் கோமியமும் ஊற்றித் தீட்டுக் கழித்தார்கள்.

டிசம்பரில் மறுபடியும் மகத்தில் கூடினார்கள். நீதிமன்றம் தற்காலிகத் தடை விதித்திருந்ததால் குளத்தில் இறங்கும் போராட்டத்தைத் தள்ளிவைத்தார். ஆனால் டிசம்பர் 25 இரவு, மாநாட்டுத் திடலில் குழி வெட்டி மனுஸ்மிருதியை எரித்தார்கள். அதற்கான தீர்மானத்தை முன்மொழிந்த சகஸ்ரபுத்தே பிராமணர்.

இது வேண்டுமென்றே புண்படுத்தியதல்லவா என்று இன்றும் கேட்கிறார்கள். புண்படும் என்று தெரிந்தேதான் செய்தார். அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் எரிந்தது காகிதம். எந்த மனிதர் மீதும், எந்த வீட்டின் மீதும் கை வைக்கவில்லை. சொல்லுக்கும் செயலுக்கும் அவர் பொறுப்பேற்றார்; தன் பக்கத்துக் கைகளைக் கட்டுப்படுத்தும் பொறுப்பையும் ஏற்றார். தடியை ஓங்கியவனின் குற்றத்தைத் தண்ணீர் குடித்தவன் தலையில் கட்ட முடியாது. மார்ச்சில் கும்பல் தடி எடுக்க ஒரு வதந்தியே போதுமானதாக இருந்தது.

1936-ல் லாகூர் மாநாட்டுக்காக எழுதிய உரையைத் திருத்தச் சொன்னபோது அவர் மறுத்தார். மாநாடே நின்றது, உரையைத் தன் செலவில் புத்தகமாக்கினார். 1937-ல் பம்பாய் உயர்நீதிமன்றம் குளத்து வழக்கில் நமக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 1956 டிசம்பர் 6-ல் அவர் மறைந்தார்.

நம் ஊர்களிலும் ஒரு பேச்சு, ஒரு சுவரொட்டி கலவரமாகும்போது, 'ஏன் பேசினாய்' என்ற கேள்விதான் முதலில் வருகிறது. 'ஏன் அடித்தாய்' என்று கேட்க நாம் பழக வேண்டும். நம் கையில் தடி இல்லாதபோதுதான் அந்தக் கேள்விக்கு வலு இருக்கும்.