மின்முனை தொட்டதும் ஒலித்த பாடல்: வைல்டர் பென்ஃபீல்டின் வாழ்க்கை

மான்ட்ரியல் நகர மருத்துவமனையின் அறுவை அரங்கில் விழித்த நிலையில் படுத்திருந்த ஒரு பெண்மணிக்கு வாத்தியக் குழுவொன்று இசைக்கும் பாடல் தெளிவாகக் கேட்டது. காதுக்கு மேலுள்ள பொட்டு மடலில் வைத்த மின்முனையை மருத்துவர் எடுத்ததும் பாடல் நின்றது. அதே இடத்தில் மீண்டும் வைத்ததும் ஒலித்தது. யாரோ கிராமபோனை இயக்குவதாகவே அவர் நம்பினார். அரங்கில் அப்படி எந்தக் கருவியும் இல்லை.

மின்முனையைப் பிடித்திருந்தவர் வைல்டர் பென்ஃபீல்ட். அமெரிக்காவின் ஸ்போகேன் நகரில் 1891 ஜனவரி 26 அன்று மருத்துவர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் கால்பந்தாட்டத்திலும் பெயர் பெற்றவர். ரோட்ஸ் உதவித்தொகை பெற்று ஆக்ஸ்போர்டு சென்று, நரம்பியல் அறிஞர் சார்லஸ் ஷெரிங்டனிடம் பயின்றார். முதல் உலகப் போரின்போது, 1916 மார்ச்சில், அவர் சென்ற சசெக்ஸ் கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி தாக்கியது. காயமுற்ற அவர் புகழ்பெற்ற மருத்துவர் வில்லியம் ஆஸ்லரின் இல்லத்தில் தங்கி உடல் தேறினார்.

1928-ல் ஜெர்மனியின் பிரெஸ்லாவ் நகரில் ஓட்ஃப்ரிட் ஃபோர்ஸ்டரிடம் கற்றதே அவரது பாதையை முடிவு செய்தது. போரில் தலையில் காயம்பட்டு வலிப்புக்கு ஆளானோருக்கு, தலைத்தோலை மட்டும் மரத்துப்போகச் செய்து, நோயாளி விழித்திருக்கும்போதே ஃபோர்ஸ்டர் அறுவை செய்துவந்தார். மூளைக்கு வலி உணரும் திறன் இல்லை என்பதால் இது இயன்றது. அவ்வாண்டே பென்ஃபீல்ட் மான்ட்ரியலில் குடியேறினார்.

குடியேறிய சில மாதங்களிலேயே கடும் சோதனை வந்தது. இளம்வயது முதல் வலிப்பால் வருந்திய அவருடைய சகோதரி ரூத்தின் மூளையில் கட்டி இருப்பது தெரியவந்தது. டிசம்பரில் பென்ஃபீல்டே கத்தியை எடுத்தார். வலது முன்மடலின் பெரும்பகுதியை அகற்றியும் கட்டி முழுமையாக நீங்கவில்லை. பின்னர் பாஸ்டனில் ஹார்வி குஷிங் மீண்டும் அறுவை செய்தார். 1931-ல் ரூத் மறைந்தார். இடைப்பட்ட காலத்தில் விருந்தினருக்காக உணவு சமைக்கத் தொடங்கிய அவர், எதை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது எனத் தீர்மானிக்க இயலாமல் தவித்ததைத் தம்பி கண்டார். எதை வெட்டலாம், எதைத் தொடக்கூடாது என்ற கேள்வி அவருக்குப் பாடநூல் கேள்வியாக மட்டும் இருந்திருக்க முடியாது.

ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் நிதியால் 1934-ல் மான்ட்ரியல் நரம்பியல் நிறுவனம் எழுந்தது. 1960 வரை பென்ஃபீல்ட் அதன் இயக்குநராக இருந்தார். வலிப்பின் தோற்றுவாயைக் கண்டறியவும், பேச்சும் அசைவும் கெடாமல் காக்கவும், மெல்லிய மின்னோட்டத்தால் மூளையின் புறணியைத் தொட்டு, நோயாளி சொல்வதைப் பதிவு செய்து, அவ்விடத்தில் எண்ணிட்ட சிறு காகிதத் துண்டு வைக்கப்பட்டது. கேள்விக்குரிய புறணி மடிப்பைத் தொட்டபோது ரீங்காரம், மணியோசை, தட்டும் ஓசை ஆகியவையே கேட்டன. அதைச் சூழ்ந்த பகுதிகளைத் தொட்டபோதோ, சிலருக்கு அறிந்த குரல்களும் இசையும் எழுந்தன. மின்னோட்டம் தராமலே தந்ததாகச் சொல்லியும் அவர் சோதித்துப் பார்த்தார்.

வாழ்ந்த அனுபவம் முழுவதையும் மூளை ஒலிநாடாபோல் பதிந்து வைக்கிறது என்று அவர் கருதினார். இங்குதான் அவர் எல்லை மீறினார் எனலாம். 1963-ல் அவரே வெளியிட்ட கணக்கின்படி, பொட்டு மடல் தூண்டப்பட்ட 520 பேரில் 40 பேருக்கு மட்டுமே இத்தகைய அனுபவம் வாய்த்தது. அனைவரும் வலிப்பு நோயாளிகள். கேட்டவை பழைய நினைவுகளா, கனவுபோல் அக்கணத்தில் புனையப்பட்டவையா என்று பின்வந்த ஆய்வாளர்கள் ஐயுற்றனர். ஆனால் காதின் துணையின்றியே ஒலி அனுபவம் பிறக்கக்கூடும் என்ற உண்மையை அந்த ஐயம் அசைக்கவில்லை. செவி நரம்பு அழிந்தோருக்கு மூளைத்தண்டை நேரடியாகத் தூண்டி ஒலி உணர்த்தும் முதல் கருவி 1979-ல் லாஸ் ஏஞ்சலிஸில் பொருத்தப்பட்டது.

இந்தியாவுக்கும் அவர் அந்நியரல்லர். மான்ட்ரியலில் அவரிடம் பயிற்சி பெற்ற ஜேக்கப் சாண்டிதான், 1949-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நாட்டின் முதல் நரம்பு அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார்.

பாடல் கேட்டுக்கொண்டிருக்கும்போதே தாம் அறுவை மேசையில் இருப்பதையும் நோயாளிகள் அறிந்திருந்தனர். இரண்டையும் ஒருசேர நோக்கும் அந்த ஒருவர் யார் என்ற வினா இறுதிவரை பென்ஃபீல்டை விடவில்லை. 1975-ல் மனத்தின் புதிர் குறித்து அவர் எழுதிய நூல் வெளிவந்தது. 1976 ஏப்ரல் 5 அன்று மான்ட்ரியலில் காலமானார். அவரது தன்வரலாறு மறு ஆண்டு அச்சேறியது.