ரைபிளோடு காட்டுக்குப் போன ஜிம் கார்பெட்

இந்த முறை நான் ஜிம் கார்பெட் பற்றி எழுதுகிறேன்.

இவர் 1875 ஜூலை 25 அன்று இமயமலையில் உள்ள நைனிதாலில் பிறந்தார். சின்ன வயசிலேயே அப்பா இறந்துட்டார். அம்மாதான் வளர்த்தாங்க. காட்டிலேயே சுற்றித் திரிந்து, கால்தடத்தைப் பார்த்தே எந்த மிருகம் என்று சொல்லக் கற்றுக்கொண்டார். பிறகு பீகாரில் மொகாமா காட் என்ற இடத்தில் 20 வருஷத்துக்கு மேல் ரயில்வே வேலை பார்த்தார்.

அப்போது நேபாளத்திலும் குமாவுன் மலையிலும் ஒரே ஒரு பெண் புலி 436 பேரைக் கொன்றிருந்தது. 1907இல் அதைச் சுடக் கார்பெட்டை அழைத்தார்கள். பரிசுப் பணத்தை ரத்து செய்தால்தான் வருவேன் என்று சொல்லிவிட்டார்!

பாலி என்ற கிராமத்துக்குப் போனால், ஊரே அஞ்சு நாளா கதவைச் சாத்திக்கிட்டு உள்ளேயே கிடந்தது. வயலில் கோதுமை விளைந்து நிற்கிறது, அறுக்க ஆள் போக முடியலை. எங்க ஊர்ல அம்மாக்கள் இருட்டோட உப்பளத்துக்குப் போறாங்க. அஞ்சு நாள் போகலைன்னா வீட்ல அடுப்பு எரியுமா? கார்பெட் ரைபிளோடு காவல் நின்றார், ஜனங்கள் பயமில்லாமல் கோதுமை அறுத்தார்கள். எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்.

பிறகு சம்பாவத் ஊர் அருகே விறகு பொறுக்கப் போன 16, 17 வயது அக்கா ஒருத்தியைப் புலி கொன்றது. மறுநாள் சுமார் 300 பேர் சேர்ந்து சத்தம் போட்டுப் புலியை விரட்ட, கார்பெட் சுட்டார். அவரிடம் இருந்தது மூன்றே தோட்டா. அதுவும் தீர்ந்து, தாசில்தாரின் துப்பாக்கியை வாங்கிச் சுட வேண்டியதாயிற்று.

செத்த புலியின் வாயைப் பார்த்தால், வலது பக்கக் கோரைப்பல் இரண்டும் உடைந்திருந்தன. முன்னாடி யாரோ சுட்ட குண்டுதான் காரணம். பல் போனதால் காட்டு மிருகத்தைப் பிடிக்க முடியாமல்தான் அது மனிதனைத் தேடி வந்ததாம். ஊரைக் காப்பாற்றியதும் துப்பாக்கி, ஊருக்கு ஆபத்தைக் கொண்டு வந்ததும் துப்பாக்கி!

1926இல் 125 பேரைக் கொன்ற ருத்ரபிரயாகைச் சிறுத்தையையும் இவர்தான் சுட்டார். ஆனால் சும்மா வேட்டையாடுவதை விட்டுவிட்டு, கேமராவால் புலிகளைப் படம் பிடித்தார். 1936இல் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா அமைய உதவினார். இன்று அது அவர் பெயரிலேயே இருக்கிறது.

1955 ஏப்ரல் 19 அன்று கென்யாவில் காலமானார்.

நண்பர்களே, ஆயுதம் வைத்திருப்பது வீரம் இல்லை. அதை யாருக்காக எடுக்கிறோம், எப்போது கீழே வைக்கிறோம் என்பதுதான் வீரம்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி